வரைபடத்தில் மண்டலம் பிரிப்பது எப்படி: பெங்களூரை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

பெங்களூரில் புவியியல் படிக்கும் பிள்ளைகளிடம் "இந்த ஊரை மண்டலங்களாகப் பிரித்துக் காட்டுங்கள்" என்று சொன்னால், பெரும்பாலானவர்கள் உடனே பென்சிலை எடுத்துக் கோடு போட்டுவிடுவார்கள். வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, நடுவில் ஒன்று. கோடு ஏன் அந்த இடத்தில் போகிறது என்று கேட்டால் பதில் வராது. இந்த வேலையில் கோடு வெகு பின்னால் வரவேண்டிய படி. அதற்கு முந்தைய படிகளின் வரிசை தவறினால் வேலையை முதலிலிருந்து செய்யவேண்டியிருக்கும்.

கல்லூரிப் பாடத்துக்கோ குடிமைப் பணித் தேர்வுக்கோ படிப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் பெங்களூரும் ஓசூர்ப் பக்கமும்.

## 1. கையில் இருக்க வேண்டியவை

ஊர் வரைபடம் இரண்டு பிரதி வேண்டும். ஒன்றில் வார்டு எல்லைகள் இருக்கட்டும். மற்றதில் சாலைகளும் ஏரிகளும் மட்டும் போதும். ஏற்கெனவே அச்சான கோட்டைப் பார்த்தால் கை அதன் மேலேயே போகும், அதனால்தான் எல்லை இல்லாத பிரதி.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வார்டு விவரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போதைய 198 வார்டுகளுக்கும் மக்கள்தொகை, எழுத்தறிவு, வேலை செய்வோர் எண்ணிக்கை எல்லாம் உண்டு. தாய்மொழி விவரம் வார்டு அளவில் கிடைக்காது. "பெங்களூரில் தமிழர் பகுதிகள்" என்று தலைப்பு எடுப்பவர்கள் பாதி வேலை முடிந்த பிறகுதான் இதைக் கண்டுபிடிக்கிறார்கள். முதல் நாளே தெரிந்துகொண்டால் வேறு வழி யோசிக்கலாம் (படி 7-இல் சொல்கிறேன்).

டிரேசிங் தாள், கலர் பென்சில், பேருந்து நேர அட்டவணை. கணினியில் வரைபட மென்பொருள் தெரிந்தவர்களும் முதல் முறை தாளில் செய்யுங்கள். எந்தப் பண்பை வைத்துப் பிரிப்பது (அதுதான் அளவுகோல்) என்று நீங்கள் முடிவு செய்வதற்கு முன்பே மென்பொருள் ஐந்து நிறத்தில் ஒரு விடையைக் காட்டிவிடும். பார்க்க அழகாக இருக்கும், அப்புறம் அதை மாற்ற மனசு வராது.

## 2. கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

ஏரி, குன்று போல மண்டலம் தரையில் கிடக்கும் பொருள் அல்ல. ஒரு கேள்விக்கு விடை சொல்ல நாம் வகுப்பது. "பெங்களூரின் மண்டலங்கள் எவை?" என்ற கேள்விக்கு அதனால்தான் விடை கிடையாது.

கேள்வி இப்படி இருக்கவேண்டும்: மழைநீர் எந்தப் பக்கம் வடிகிறது? காலையில் வேலைக்கு எங்கிருந்து ஆட்கள் வருகிறார்கள்? கண்டோன்மென்ட் (பழைய படை முகாம் பகுதி) என்று மக்கள் எதைச் சொல்கிறார்கள்? மூன்றுக்கும் மூன்று வேறு வரைபடங்கள் கிடைக்கும்.

முதல் கேள்வியையே பாருங்கள். பெங்களூர் ஒரு மேட்டு முதுகின் மேல் உட்கார்ந்திருக்கிறது. மேற்கே விழும் மழை விருஷபாவதி வழியாக அர்க்காவதிக்குப் போய்க் காவிரியில் சேர்கிறது. கிழக்கே விழுவது கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்கு வழியாகவும் ஹெப்பால் பள்ளத்தாக்கு வழியாகவும் தென்பெண்ணைக்குப் போகிறது. பெல்லந்தூர் ஏரியில் நுரை வந்தால் ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்காரர்கள் கவலைப்படுவது இதனால்தான். எந்த வார்டு வரைபடத்திலும் இந்தப் பிரிவு தெரியாது. கேள்வி வந்த பிறகுதான் இந்த மண்டலமே உருவாகிறது.

## 3. அளவையும் அலகையும் முடிவு செய்யுங்கள்

இந்திய அளவில் பார்த்தால் பெங்களூர் தக்காணப் பீடபூமிக்குள் ஒரு புள்ளி. கர்நாடக அளவில் கரையோரம், மலநாடு (மலைப் பகுதி), மைதானம் (சமவெளி) என்ற பிரிவில் மைதானத்தில் வரும். நகர அளவில் அதுவே பல துண்டுகள். மூன்றையும் ஒரே தாளில் கலக்காதீர்கள்.

அடுத்தது அலகு. வார்டா, தாலுகாவா, பின்கோடா, அல்லது நீங்களே போடும் ஒரு கிலோமீட்டர் கட்டமா? ஒரே தரவை வேறு வேறு அலகில் தொகுத்தால் வேறு வேறு படம் வரும். அடுக்குமாடி வளாகமும் குடிசைப் பகுதியும் ஒரே வார்டில் இருந்தால், அந்த வார்டின் எழுத்தறிவு சராசரி இரண்டுக்கும் பொருந்தாத ஒரு நடுத்தர எண்ணாக வரும். அந்த எண்ணை வைத்து "இங்குள்ளவர்கள் நடுத்தரமாகப் படித்தவர்கள்" என்று எழுதுவது நான் அடிக்கடி திருத்தும் பிழை.

நிறம் தீட்டும் முன்பே அலகை எழுதி வைத்துவிடுங்கள். படத்தைப் பார்த்த பிறகு மாற்றினால், நமக்குப் பிடித்த விடையைத் தரும் அலகைத்தான் தேர்ந்தெடுப்போம்.

## 4. மூன்று வகைகளில் எது?

இப்போதுதான் வகை. பாடநூலில் ஃபார்மல், ஃபங்ஷனல், வெர்னாகுலர் என்று வருபவற்றை இங்கே ஒருசீர் மண்டலம், செயல்பாட்டு மண்டலம், மக்கள் வழக்கு மண்டலம் என்று சொல்கிறேன். உங்கள் கேள்வியை இந்த மூன்றில் ஓட்டிப் பாருங்கள்.

உள்ளே எங்கு போனாலும் ஏதோ ஒன்று ஒரே மாதிரி இருக்கிறதா? அது ஒருசீர் மண்டலம். ராகி விளையும் செம்மண் நிலம் போல.

ஆட்களோ பொருளோ தண்ணீரோ ஒரு மையத்தை நோக்கி வருகிறதா, அங்கிருந்து போகிறதா? அது செயல்பாட்டு மண்டலம். எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்கு வருகிறவர்களின் பரப்பு, ஓர் ஆற்றுக்கு மழைநீர் வந்துசேரும் வடிநிலம், ஒரு மருத்துவமனைக்கு நோயாளிகள் வரும் வட்டாரம் எல்லாம் இதில் வரும்.

மக்கள் அப்படிச் சொல்வதால் மட்டுமே இருக்கிறதா? அது மக்கள் வழக்கு மண்டலம். கொங்கு நாடு நல்ல எடுத்துக்காட்டு.

இங்கே எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஓர் இடத்துக்கு ஒரு வகை என்று நினைத்து, பட்டியல் போட்டு மனப்பாடம் செய்கிறார்கள். வகை கேள்வியோடு ஒட்டியது, இடத்தோடு ஒட்டியதல்ல. பெங்களூர் கண்டோன்மென்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1809-இல் படை முகாமாகத் தொடங்கியது. பிறகு தனி நிர்வாகத்தின் கீழ் இருந்து, 1949-இல் நகரத்தோடு ஒரே மாநகராட்சியாக இணைந்தது. அதுவரை சட்டப்படி எல்லை போட்ட மண்டலம். இன்று அந்தப் பழைய எல்லை எந்த அலுவலகத்திலும் செல்லாது, ஆனால் ரயில் நிலையத்தின் பெயரிலும் அல்சூர்ப் பெரியவர்களின் பேச்சிலும் கண்டோன்மென்ட் இருக்கிறது. அதற்குள்ளேயே சிவாஜிநகர் சந்தைக்கு எங்கிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள் என்று கேட்டால் செயல்பாட்டு மண்டலம் ஒன்று கிடைக்கும்.

எதிர்த் திசையிலும் நடக்கும். காவிரி டெல்டா மக்கள் வாயில் வழங்கிய பெயர். 2020-இல் தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தபோது தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களும் கடலூர், புதுக்கோட்டையின் சில ஒன்றியங்களும் பட்டியலில் வந்தன. வழக்கு மண்டலத்துக்குச் சட்டம் கோடு போட்டது. கோட்டுக்கு வெளியே தங்களை டெல்டாக்காரர் என்று சொல்கிறவர்கள் அப்படியே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

## 5. ஒருசீர் மண்டலம்: அளவுகோல், வரம்பு

எந்தப் பண்பை அளக்கிறீர்கள் என்பது அளவுகோல். அது எவ்வளவு இருந்தால் உள்ளே என்பது வரம்பு. இரண்டும் எண்ணாக இருக்கவேண்டும். "ராகி அதிகம் விளையும் பகுதி" என்று எழுதினால் யாராலும் சரிபார்க்க முடியாது. "சாகுபடிப் பரப்பில் பாதிக்கு மேல் ராகி" என்று எழுதினால் முடியும்.

வரம்பு எப்படி வேலை செய்கிறது என்பதற்குக் கோப்பென் காலநிலை வகைப்பாடு சரியான பயிற்சி. பெங்களூர் சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, டிசம்பரில் ஸ்வெட்டர் போடுகிறோம். அதனால் இது வெப்பமண்டலம் இல்லை என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். கோப்பென் நம் ஸ்வெட்டரைப் பார்ப்பதில்லை. மிகக் குளிர்ந்த மாதத்தின் சராசரி 18 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்து, மழை போதாமல் வறண்ட வகைக்குள் தள்ளப்படாமல் இருந்தால் அது ஏ வகை, அதாவது வெப்பமண்டலம். பெங்களூரின் குளிர்ந்த மாதச் சராசரி 21 டிகிரியை ஒட்டி இருக்கிறது. ஆகவே வெப்பமண்டலம்தான். குளிர்காலம் வறண்டிருப்பதால் ஏடபிள்யூ, அதாவது வெப்பமண்டலப் புல்வெளிக் காலநிலை.

தேசிய மண் ஆய்வு மற்றும் நிலப் பயன்பாட்டுத் திட்ட அமைப்பு இந்தியாவை 20 வேளாண் சூழல் மண்டலங்களாகப் பிரித்திருக்கிறது. அதில் பெங்களூர் வரும் 8-வது மண்டலம் வெப்பமான அரைவறண்ட மண்டலம். கோப்பெனோடு முரண்படுகிறதே என்று குழம்பவேண்டாம். அவர்கள் மண்ணையும், பயிர் வளர ஈரம் எத்தனை நாள் கிடைக்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். தேர்வில் "பெங்களூர் எந்தக் காலநிலை மண்டலம்?" என்று வந்தால், யாருடைய வகைப்பாட்டின்படி என்று சேர்த்து எழுதுங்கள்.

அந்த 8-வது மண்டலத்தில் இன்னொன்றும் கவனியுங்கள். கர்நாடகப் பீடபூமியும் தமிழ்நாட்டு மேட்டுநிலமும் அதில் ஒன்றாக இருக்கின்றன. ஆனால் கர்நாடகம் தன் 10 வேளாண் காலநிலை மண்டலங்களில் பெங்களூரைக் கிழக்கு வறண்ட மண்டலத்தில் வைத்து, மாநில எல்லையோடு கோட்டை நிறுத்திவிடுகிறது. தமிழ்நாடு தன் 7 மண்டலங்களில் ஓசூரை வடமேற்கு மண்டலத்தில் வைக்கிறது. ஆனேக்கலிலிருந்து அத்திப்பள்ளி தாண்டி தேன்கனிக்கோட்டைப் பக்கம் போனால் செம்மண் மாறுவதில்லை, ராகியும் மாறுவதில்லை. துறைதான் மாறுகிறது. கோடு நிலத்திலிருந்து வந்ததா, அலுவலகத்திலிருந்து வந்ததா என்று ஒவ்வொரு வரைபடத்திலும் கேளுங்கள்.

அளவுகோலை ஒன்றில் தொடங்குங்கள். மண், மழை, பயிர், மொழி என நான்கையும் ஒரேயடியாக எடுத்தால் நான்கு கோடுகளும் நான்கு இடத்தில் விழும், அப்புறம் கண்ணால் சமாதானம் செய்து நடுவில் ஒரு கோடு போடுவீர்கள். பல அளவுகோல் தேவையென்றால் ஒவ்வொன்றுக்கும் தனி டிரேசிங் தாள். அடுக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தால், எல்லாத் தாளும் ஒத்துப்போகும் இடம் மண்டலத்தின் நடு. ஒத்துப்போகாத பட்டை இடைநிலைப் பகுதி. அதையும் வரைபடத்தில் காட்டவேண்டும், மறைக்கக் கூடாது.

## 6. செயல்பாட்டு மண்டலம்: மையம், ஓட்டம், முறிவிடம்

இங்கே வரிசை முக்கியம்: முதலில் மையம், பிறகு எது ஓடுகிறது, எந்தத் திசையில், எவ்வளவு இருந்தால் உள்ளே. கடைசியாகத்தான் ஓரம்.

காம்பஸை எடுத்து நகரின் முக்கியப் பேருந்து நிலையமான மெஜஸ்டிக்கை மையமாக வைத்து 40 கிலோமீட்டர் வட்டம் போடுவது மிகப் பரவலான பிழை. ஓட்டம் சாலை வழியே போகும். ஓசூர் சாலை, துமகூர் சாலை, மைசூர் சாலை, பழைய மெட்ராஸ் சாலை ஆகியவற்றின் வழியே நீண்டு, இடையில் உள்வாங்கி, நட்சத்திர வடிவத்தில்தான் இந்த மண்டலம் வரும். உங்கள் படம் வட்டமாக வந்தால், நீங்கள் தூரத்தை அளந்திருக்கிறீர்கள், ஓட்டத்தை அல்ல. மையமும் ஒன்றே என்று நினைக்காதீர்கள். ஒயிட்ஃபீல்டும் எலக்ட்ரானிக் சிட்டியும் தனித்தனி மையங்கள்.

வரம்புக்கு அமெரிக்கக் கணக்கெடுப்பு முறை ஒரு நல்ல வழிகாட்டி. ஒரு வெளி மாவட்டத்தில் வேலை செய்வோரில் குறைந்தது 25 சதவீதம் பேர் மைய மாவட்டங்களுக்கு வேலைக்குப் போனால் அது அந்தப் பெருநகரப் பகுதியில் சேரும். நம் 2011 கணக்கெடுப்பு வேலைக்கு எவ்வளவு தூரம், எதில் போகிறீர்கள் என்று கேட்டது. எந்த ஊருக்கு என்று கேட்கவில்லை. அதனால் மாற்று அளவை தேடவேண்டும்.

பேருந்து எண்ணிக்கை கைக்கு எட்டிய மாற்று. இங்கிலாந்தில் நகரங்களின் பின்னிலத்தை (அந்த நகரத்தைச் சார்ந்திருக்கும் சுற்றுப்புறத்தை) எல்லை பிரிக்க 1950-லேயே பேருந்துச் சேவையை அளவையாக வைத்திருக்கிறார்கள். நீங்கள் ஒரு வேலைநாள் காலை அத்திப்பள்ளியில் நின்று, இரண்டு திசையிலும் போகும் பேருந்துகளையும் கம்பெனி வேன்களையும் எண்ணுங்கள். மாலையிலும் எண்ணவேண்டும், திசை புரளவேண்டும். ஞாயிறோ, பொங்கலுக்கு முந்தின நாளோ எண்ணினால் ஊருக்குப் போகும் கூட்டத்தைத்தான் எண்ணியிருப்பீர்கள்.

இரண்டு நகரங்களுக்கு நடுவில் ஒன்றின் ஈர்ப்பு முடிந்து மற்றதன் ஈர்ப்பு தொடங்கும் முறிவிடம் எங்கே என்று தோராயமாகப் பார்க்க ஒரு சூத்திரம் உண்டு. பெரிய ஊரின் மக்கள்தொகையைச் சிறிய ஊரின் மக்கள்தொகையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 1 கூட்டுங்கள். இரு ஊர்களுக்கு இடையிலான தூரத்தை அந்த எண்ணால் வகுத்தால், சிறிய ஊரிலிருந்து முறிவிடத்துக்கு உள்ள தூரம் கிடைக்கும். 2011 கணக்கில் பெங்களூர் சுமார் 84 லட்சம், மைசூர் சுமார் 9 லட்சம், தூரம் சுமார் 145 கிலோமீட்டர். வகுத்தால் 9.3, வர்க்கமூலம் 3.05, ஒன்று கூட்டினால் 4.05. 145-ஐ அதனால் வகுத்தால் மைசூரிலிருந்து ஏறக்குறைய 36 கிலோமீட்டர்.

மண்டியா மைசூரிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர். ஆக, சூத்திரப்படி மண்டியா பெங்களூர்ப் பக்கம். இதை அப்படியே வரைந்து சமர்ப்பித்துவிடுகிறார்கள். சூத்திரம் எங்கே போய் நின்று கேட்கவேண்டும் என்றுதான் சொல்கிறது. தினசரிச் சாமானுக்கு எங்கே, கல்யாணப் பட்டுக்கு எங்கே, பெரிய ஆபரேஷனுக்கு எங்கே என்று மண்டியாவில் கேட்டால் மூன்றுக்கும் ஒரே ஊர் பதிலாக வரவேண்டிய கட்டாயம் இல்லை.

செயல்பாட்டு மண்டலங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். ஓசூரில் குடியிருப்பவர் வேலைக்கு எலக்ட்ரானிக் சிட்டிக்கு வருவார், மாவட்ட ஆட்சியர் அலுவலக வேலை என்றால் கிருஷ்ணகிரிக்குப் போவார். இரண்டு மண்டலத்திலும் அவர் இருக்கிறார். ஏதாவது ஒன்றில் தள்ளி முடிக்கப் பார்க்காதீர்கள்.

## 7. மக்கள் வழக்கு மண்டலம்: கேட்டு வரைவது

வார்டு எல்லை இல்லாத அந்த இரண்டாவது பிரதி இங்கேதான் பயன்படும். பலபேரிடம் தனித்தனித் தாளைக் கொடுத்து "கண்டோன்மென்ட் என்றால் எதுவரை? சுற்றிக் காட்டுங்கள்" என்று சொல்லுங்கள். "சிவாஜிநகர் கண்டோன்மென்ட்தானே?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும், அது பயன்படாது.

அல்சூரில் மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். ஜெயநகர்க்காரர், ஒயிட்ஃபீல்டுக்கு அண்மையில் குடிவந்த மென்பொருள் பொறியாளர், பெரியவர், இளையவர் எல்லோரும் வேண்டும். தாள்களை அடுக்கி எண்ணுங்கள். பெரும்பாலும் எல்லாரும் சுற்றிய இடம் நடு. பாதிப் பேர் சுற்றிய இடம் வரை ஓரம் என்று கொள்ளலாம், ஆனால் அந்தப் "பாதி"யையும் குறிப்பில் எழுதவேண்டும்.

கேட்க ஆள் கிடைக்காவிட்டால் பெயர்ப்பலகைகளைப் பாருங்கள். வில்பர் செலின்ஸ்கி என்ற புவியியலாளர் 1980-இல் வட அமெரிக்க வழக்கு மண்டலங்களைத் தொலைபேசிக் கையேட்டில் உள்ள கடை, நிறுவனப் பெயர்களை வைத்துத்தான் வரைந்தார்.

தமிழர் பகுதித் தலைப்புக்கும் இதே வழிதான். புவியியலாளர் டொனால்ட் மைனிக் 1965-இல் அமெரிக்காவில் மார்மன் என்ற மதப் பிரிவினர் வாழும் மண்டலத்துக்கு வகுத்த மூன்று அடுக்கு இங்கே கைகொடுக்கும்: அடர்ந்து வாழும் கருப்பகுதி, அடர்த்தி குறைந்தாலும் அவர்களே மேலோங்கும் ஆதிக்கப் பகுதி, சிறுபான்மையாக இருக்கும் தாக்கப் பகுதி. அல்சூரும் சிவாஜிநகரும் கருவில் வரும் என்று தொடங்கி, மர்ஃபி டவுன், ஆஸ்டின் டவுன், காக்ஸ் டவுன் எந்த அடுக்கில் என்று கோயில், பள்ளி, தமிழ்ப் பலகை, தமிழ் நாளிதழ் விற்கும் பெட்டிக்கடை இவற்றை எண்ணிச் சோதியுங்கள். ஸ்ரீராமபுரம் மேற்கே தனித் துண்டாக நிற்கும். அதை ஒரே மண்டலமாக இழுத்துச் சேர்க்க நடுவில் பாலம் வரைகிறவர்கள் உண்டு, அது வேண்டாம். இரண்டு துண்டு என்றால் இரண்டு துண்டுதான்.

## 8. நிர்வாக எல்லை கடைசித் தாள்

பெங்களூர் பெருநகர மண்டல வளர்ச்சி ஆணையத்தின் பரப்பு சுமார் 8,005 சதுர கிலோமீட்டர், மூன்று மாவட்டங்கள். அது திட்டமிடல் மண்டலம். சட்டம் எதுவரை செல்லும் என்பதே அதன் அளவுகோல். ஓசூர் அதில் இல்லாததற்கு ஓட்டம் இல்லை என்பது காரணமல்ல, கர்நாடகச் சட்டம் எல்லை தாண்டாது.

பாடநூல்கள் நிர்வாகப் பிரிவுகளை ஒருசீர் மண்டலத்தின் கீழேயே வைக்கும், தேர்வில் அப்படியே எழுதுங்கள். ஆனால் வரையும்போது தனித் தாளில் கடைசியாக வையுங்கள். முதலில் வைத்தால் மற்ற எல்லாக் கோடும் அதற்குள் அடங்கிப்போகும்.

## 9. இப்போது கோடு

நடுவிலிருந்து வெளியே வாருங்கள். வரம்பைச் சந்தேகமின்றித் தாண்டும் அலகுகளுக்கு முதலில் நிறம், பிறகு அண்டை அலகுகள். மாற்றம் சட்டென்று வந்தால் முழுக்கோடு. படிப்படியாக வந்தால் புள்ளிக்கோடோ மங்கும் நிறமோ. வழக்கு மண்டலத்துக்கு முழுக்கோடு போட்டால் நான் மதிப்பெண் குறைப்பேன்.

வரைந்ததும் ஒரு சோதனை: மண்டலத்துக்குள் இருக்கும் இரண்டு இடங்களுக்கு இடையிலான வேறுபாடு, உள்ளே ஒன்று வெளியே ஒன்றுக்கு இடையிலான வேறுபாட்டைவிடக் குறைவாக இருக்கிறதா? இல்லையென்றால் படி 5-க்குத் திரும்புங்கள். செயல்பாட்டு மண்டலத்துக்குச் சோதனை வேறு: ஓரத்தில் உள்ள ஊரின் பெரிய ஓட்டம் உங்கள் மையத்துக்குத்தான் போகிறதா என்று பாருங்கள்.

## 10. வகைப்பாட்டில் வைப்பது

ஒன்றே ஒன்றா, ஒரு வகையின் மாதிரியா என்பதை இங்கே பிரிக்கவேண்டும். தக்காணப் பீடபூமி உலகத்தில் ஒன்றுதான். ஏடபிள்யூ காலநிலை ஆப்பிரிக்காவிலும் உண்டு, பிரேசிலிலும் உண்டு. முதலாவதற்குத் தனிப்பெயர் வரும், இரண்டாவதற்கு வகைப்பெயர் வரும். வரைபடத்தின் நிறங்களை விளக்கும் ஒரே குறிவிளக்கப் பட்டியலில் "மலநாடு, ஏடபிள்யூ, ராகி நிலம்" என்று கலந்து போடுவது இதைப் பிரிக்காததால் வரும் குழப்பம்.

அடுக்குமுறை சுருக்கமாக: சிறிய மண்டலங்கள் பெரியதற்குள் அடங்கவேண்டுமென்றால் எல்லா அடுக்கிலும் ஒரே அளவுகோல் இருக்கவேண்டும். தாலுகாவுக்குள் வடிநிலத்தை அடக்க முடியாது.

## 11. பெயர், தேதி, அளவுகோல்

"பெங்களூர் தெற்கு" என்று மட்டும் தலைப்பு வைக்காதீர்கள். அந்தப் பெயரில் மக்களவைத் தொகுதி உண்டு, தாலுகா உண்டு. 2025-இல் பழைய மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்தபோது ஒரு மாநகராட்சி வந்தது. அதே ஆண்டில் ராமநகர மாவட்டமும் பெங்களூர் தெற்கு மாவட்டம் என்று பெயர் மாறியது. பெங்களூர் தெற்கு தாலுகா இருப்பது அந்த மாவட்டத்தில் அல்ல, பெங்களூர் நகர மாவட்டத்தில். இதில் விழாதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

வரைபடத்தின் கீழ் மூலையில் நான்கு வரி எழுதுங்கள்: கேள்வி, அலகு, அளவுகோலும் வரம்பும், தரவின் ஆண்டு. 198 வார்டு கணக்கை வைத்து வரைந்தால் "2011, அப்போதைய வார்டு எல்லைகள்" என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள். இப்போதைய ஐந்து மாநகராட்சி எல்லையை அதன் மேல் வைத்துப் பார்க்க விரும்பினால் தனி டிரேசிங் தாளில் வையுங்கள், அதே தாளில் வேண்டாம்.